உருப்படி ஏழு

சுந்தரம்: முருகேசா, எட்டும் ஆச்சா?

முருகேசன்: எட்டு எங்கே சார்? ஏழுதான்.

சுந்தரம்: எட்டுப்பா. நானே எண்ணினேன்.

முருகேசன்: எட்டு எடுத்தது வினு மன்கட் சார். 1952, இதே சேப்பாக்கம், இங்கிலாந்து. 55 ரன்னுக்கு எட்டு விக்கெட். இந்தியா முதன்முதலில் ஜெயித்த டெஸ்ட். ஜடேஜா எடுத்தது ஏழு, 48 ரன்னுக்கு.

சுந்தரம்: நான் என் துணியைக் கேட்கிறேன்.

முருகேசன்: ஐயோ, துணியா! காலையில் டீக்கடையில் ஒருத்தரோடு போட்ட வாக்குவாதம், இன்னும் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. "ஜடேஜா எங்கே எடுத்தான், பந்து விழுகிற பிட்ச்தானே எடுத்தது" என்கிறார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா சார்?

சுந்தரம்: சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்.

(முருகேசன் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைக்கிறார்.)

முருகேசன்: பிட்ச் எத்தனை அடி ஓடி வந்து போட்டது சார்?

சுந்தரம்: கிண்டல் பண்ணாதே. ஐந்தாம் நாள் சேப்பாக்கத்தில் யார் போட்டாலும் திரும்பும். நான் போட்டாலும் திரும்பும்.

முருகேசன்: உங்களுக்குக் கழுத்தே திரும்பவில்லை என்று போன மாதம்தானே பட்டை போட்டுக்கொண்டு நடந்தீர்கள்?

சுந்தரம்: அது டாக்டர் சொன்னது. இது கிரிக்கெட்.

முருகேசன்: சரி, கிரிக்கெட்டையே பேசுவோம். 2016 டிசம்பர். வர்தா புயல் அடித்து நாலே நாளில் டெஸ்ட். மரமெல்லாம் ரோட்டில் கிடக்கிறது, பிட்ச்சில் ஈரம். தட்டுத் தட்டாகத் தணலைக் கொண்டுவந்து வைத்துக் காயவைத்தார்கள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நம்ம ஆள் யாராவது தெரிகிறாரா என்று தேடினேன்.

சுந்தரம்: பார்த்தாயா! சுற்றிச் சுற்றி நீயே பிட்ச்சுக்குத்தான் வருகிறாய்.

முருகேசன்: இருங்கள் சார். அந்தத் தரையில் கருண் நாயர் எவ்வளவு அடித்தார்?

சுந்தரம்: 303! அவுட்டே இல்லை. ஆஹா, என்ன ஆட்டம்! இங்கே ஒரு ஸ்வீப், அங்கே ஒரு ரிவர்ஸ் ஸ்வீப்...

முருகேசன்: அதைப் பிட்ச் அடிக்கவில்லையா?

சுந்தரம்: பிட்ச் எப்படிப்பா அடிக்கும்? அது பையனுடைய திறமை.

முருகேசன்: அதே தரை, கடைசி நாள். இங்கிலாந்து விக்கெட் விழாமல் 103. அங்கிருந்து 207க்குள் பத்துப் பேரும் வீட்டுக்குப் போனார்கள். அதில் ஏழு ஜடேஜா. அது மட்டும் பிட்ச்.

சுந்தரம்: கடைசி நாள் என்றால் பிட்ச்தான். நான் 1988 பொங்கல் டெஸ்ட்டையே நேரில் பார்த்தவன், என்னிடம் சொல்லாதே. ஹிர்வானி. 19 வயசு, கண்ணாடி போட்ட பையன், முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 61க்கு எட்டு, இரண்டாவதில் 75க்கு எட்டு. தரையைத் தொட்டால் புழுதி பறந்தது.

முருகேசன்: விழுந்த 20இல் அவர் 16. மற்ற பவுலர்கள் எல்லாம் மெரினா மணலிலா போட்டார்கள்?

சுந்தரம்: வெஸ்ட் இண்டீஸ்காரனுக்கு ஸ்பின் ஆடத் தெரியாது. இறங்கி இறங்கி வந்து ஏமாந்தான். விக்கெட் கீப்பர் கிரண் மோரே மட்டும் ஆறு ஸ்டம்பிங்!

முருகேசன்: ஏமாந்தார்கள், சரி. ஏமாற்றியது யார்? தரையா?

சுந்தரம்: அவ்வளவு பெரிய ஆள் என்றால் அப்புறம் எங்கே போனான்? மொத்தமே 17 டெஸ்ட். சேப்பாக்கத்துப் பிட்ச்சைச் சுருட்டி எல்லா ஊருக்கும் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

(முருகேசனிடம் பதில் இல்லை. ஒரு தலையணை உறை முழுவதும் பேசாமலே தேய்க்கிறார். இந்த ஒரு இடத்தில் சுந்தரம் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அவருக்கே தெரியும். உறையை மடித்ததும் மறந்துவிட்டார்.)

முருகேசன்: ஹர்பஜன்.

சுந்தரம்: பிட்ச்.

முருகேசன்: நான் இன்னும் வருஷமே சொல்லவில்லை சார்.

சுந்தரம்: எந்த வருஷமானாலும் பிட்ச்.

முருகேசன்: 2001. ஆஸ்திரேலியா. முதலில் ஏழு, அடுத்து எட்டு. அதே ஆட்டத்தில் ஹேடன் 203 அடித்தார். ஸ்டீவ் வா என்ன செய்தார்? பேடில் பட்டு ஸ்டம்பைப் பார்த்துத் திரும்பிப் போன பந்தைக் கையால் தட்டிவிட்டார், அவுட். கையால் தட்டியதும் பிட்ச்சா?

சுந்தரம்: பந்து அப்படித் திரும்பியதால்தானே பதற்றத்தில் தட்டினான்? பிட்ச்.

முருகேசன்: அந்த விக்கெட் பவுலர் கணக்கில் ஏறவும் இல்லை. ஏறியிருந்தால் இவருக்கும் 16. கடைசியில் இரண்டு விக்கெட்தான் கையில், ஜெயிக்கிற ரன்னையும் இவரே ஓடி எடுத்தார். பேட்ஸ்மேன் வேலையும் பவுலர் தலையில்.

சுந்தரம்: ஸ்பின்னர் எல்லாருக்கும் இது தாய்வீடு. அதைத்தான் நான் சொல்கிறேன்.

முருகேசன்: ஆண்டி ராபர்ட்ஸ் ஸ்பின்னரா சார்?

சுந்தரம்: ...எந்த ராபர்ட்ஸ்?

முருகேசன்: 1975. முதல் இன்னிங்ஸில் 64க்கு ஏழு, மொத்தம் 12. விஸ்வநாத் ஒரு பக்கம் அவுட் ஆகாமல் 97இல் நிற்கிறார், எதிர்ப்பக்கம் ஒவ்வொருத்தராக வந்து போகிறார்கள். கபில்தேவ் 1980இல் பாகிஸ்தானோடு 11. 1999இல் வெங்கடேஷ் பிரசாத் 33க்கு ஆறு. வேகமாகப் போடுகிற இவர்களுக்கு எல்லாம் தனித்தனியாகப் பிட்ச் போட்டுக் கொடுத்தார்களா?

சுந்தரம்: 1999இல் சச்சின் 136! முதுகு வலியோடு நின்றானே! 12 ரன்னில் மேட்ச் போச்சு. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை, தெரியுமா?

முருகேசன்: நான் பிரசாத்தைக் கேட்டேன்.

சுந்தரம்: பாகிஸ்தான் பக்கம் சக்லைன் பத்து விக்கெட். பிட்ச்.

முருகேசன்: பிரசாத், சார்.

சுந்தரம்: கடல் காற்று.

முருகேசன்: அடேயப்பா, இப்போது காற்றும் கூட்டு! மண், காற்று, தண்ணீர் எல்லாம் பந்து போடும். கையும் காலும் வைத்த மனுஷன் மட்டும் சும்மா நிற்கிறான்.

சுந்தரம்: சரி சரி, நேரமாகிறது. மூட்டையைக் கொடு. (மேலே இருந்த சட்டையைத் தூக்கிப் பார்க்கிறார். கையில் மடிப்பு தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாக ஓடுகிறது.) அடடா! மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறதே. இதுதான்பா நல்ல துணி என்பது. மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது.

முருகேசன்: துணியா சார்?

சுந்தரம்: பின்னே? காட்டன் அப்படி.

முருகேசன்: போன வாரம் உங்கள் வேட்டி ஓரத்தில் காசு அளவுக்குத் தீய்ந்துபோனதே, அது?

சுந்தரம்: அது நீ! பெட்டியை வைத்துவிட்டு யாரிடமோ கிரிக்கெட் பேசியிருப்பாய்.

முருகேசன்: அது எப்படி சார், வேட்டிக்கு மட்டும் பிட்ச் கிடையாது?

சுந்தரம்: அது வேறு, இது வேறு. பேச்சை மாற்றாதே. எட்டாவது எங்கே? சட்டை மூன்று, பேன்ட் இரண்டு, வேட்டி ஒன்று, தலையணை உறை ஒன்று. ஏழு. நான் கொடுத்தது எட்டு.

முருகேசன்: அந்தச் சட்டைப் பையில் கை விடுங்கள்.

(சுந்தரம் கையை விடுகிறார். நாலாக மடித்த கர்ச்சீப் ஒன்று, இன்னும் சூடாக.)

முருகேசன்: ஸ்டீவ் வா சார். விழுந்தது விழுந்ததுதான், என் கணக்கில் ஏறாது. கர்ச்சீப்புக்கு நான் காசு வாங்குவதில்லை.

சுந்தரம்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எவ்வளவு ஆச்சு?

முருகேசன்: உருப்படி 15. ஏழுக்கு 105.

சுந்தரம்: ஜிபே பண்ணட்டுமா?

முருகேசன்: ஃபோனை மகன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் சார்.

(சுந்தரம் நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு இரண்டு பைகளையும் துழாவுகிறார். ஒரு ஒற்றை ரூபாய், ஒரு இரண்டு ரூபாய், லிஃப்ட்டில் விழுந்த சட்டைப் பொத்தான் ஒன்று.)

சுந்தரம்: 103தான் இருக்கிறது.

முருகேசன்: ஏழுக்கு 103! அஸ்வின் சார்! 2013, ஆஸ்திரேலியா, முதல் இன்னிங்ஸ். நம்ம மாம்பலத்துப் பையன், நம்ம கிரவுண்டு. மொத்தம் 12 விக்கெட். கணக்கு சரியாகிவிட்டது, கொடுங்கள், போதும்.

சுந்தரம்: அந்த டெஸ்ட்டா? மறக்க முடியுமா? டோனி 224 அடித்தானே!

முருகேசன்: இரண்டு ரூபாய் பாக்கி சார்.