நட்சத்திர ஆமைக்குப் பணம் தருவதாகப் பரவும் செய்தி தவறானது

வளவில் காணும் நட்சத்திர ஆமைகளைப் பிடித்துக் கொடுத்தால் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை அவற்றைப் பணம் கொடுத்து வாங்கிப் பராமரிக்கும் என்று யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படும் செய்தி உண்மையல்ல. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கும் இவ்விலங்கைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும்; 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டதிலிருந்து அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. விலைபேசும் ஒரு வரிச் செய்தியே நமது பற்றைக்காடுகளில் எஞ்சியுள்ள ஆமைகளைக் கடத்தல்காரரின் சாக்குகளுக்குள் தள்ளப் போதுமானது என்பதால் இதனைக் கவலையோடு எழுதுகிறோம். நலமாக இருக்கும் ஆமையை அது இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காயமடைந்திருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். இச்செய்தியின் உண்மையையும் அங்கேயே கேட்டறியலாம். அந்த வட்ஸ்அப் செய்தியை இனி எவருக்கும் அனுப்பாதீர்கள்.