அந்த 27,044 டாலர்

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். திரையில் கொட்டை எழுத்தில் 27,044 டாலர். பயிற்சிக்குச் செலவழித்தால் ஓர் ஊழியருக்கு இவ்வளவு கூடுதல் விற்பனை வரும், ஆராய்ச்சியே சொல்கிறது என்றார் பேச்சாளர். அடுத்த ஸ்லைடில் அவருடைய இரண்டு நாள் பயிற்சிக்கான கட்டணம். அந்த எண் பயிற்சிக்கு மட்டும்தானா, ஊழியர்கள் குறை சொல்ல வழி இருப்பதும் அதில் சேர்த்தி இல்லையா என்று எழுந்து கேட்டேன். "மேடம், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. ஏட்டிலிருந்து எண்ணை எடுத்து வந்தவர் அவர். கேலி எனக்கு.

அந்த எண், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் ஹியூஸ்லிட் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவில் 968 நிறுவனங்களின் பதில்களை வைத்துச் செய்தது. வருடத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேட்டார், சரி. ஆள் எடுக்கும்போது தேர்வு உண்டா, கம்பெனி விவரம் ஊழியர்களுக்குச் சொல்லப்படுகிறதா, குறை சொல்ல முறையான வழி எத்தனை பேருக்கு இருக்கிறது என்றெல்லாமும் கேட்டார். இவை மொத்தமாகச் சேர்ந்த அளவு ஒரு திட்டவிலக்கம் (நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கமாக இருக்கும் வித்தியாசத்தின் அளவு) கூடும்போதுதான் அந்த 27,044. வேலையை விட்டுப் போகிறவர்கள் 7 சதவீதம் குறைவதும் அப்போதுதான். மொத்தமாகச் சேர்ந்து. பயிற்சி மட்டும் இல்லை.

"தொடர்பு இருந்தால் அதுவே காரணம் ஆகிவிடுமா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நல்ல லாபத்தில் இருக்கும் கம்பெனிதான் ஊழியர்களுக்குச் செலவு செய்கிறதோ என்னவோ. 2005-இல் பேட்ரிக் ரைட் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் வேறோர் ஆய்வில் பழைய லாபத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட தொடர்பு கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மேடையில் அதை உத்தரவாதம் மாதிரி சொன்னது இன்னும் பெரிய தவறு.

"அமெரிக்கக் கணக்கு நமக்கெதற்கு?" என்று என்னிடம் கேட்கிறவர்கள், அதைக் காட்டிக் காசு கேட்டவரிடம் ஏன் கேட்கவில்லை?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். முன்பு ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளப் பிரிவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பெண்ணுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தோம். கை அவ்வளவு சுத்தம், ஒரு பீஸ் திரும்பி வராது. நான்காம் மாதம் நின்றுவிட்டாள். "இவ்வளவு செலவு பண்ணியும் போய்விட்டாளே, உங்க ஹெச்.ஆர். என்ன செய்யுது?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

அன்று மாலை கேன்டீன் வாசலில் தொங்கிய புகார் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நூலில் கட்டிய பேனா, மை காய்ந்திருந்தது. அவள் கையெழுத்தில் மூன்று இடத்தில் ஒரே வரி: "ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு பஸ் நிக்கிற இடத்துல லைட் இல்ல." மூன்றாவது முறை பேனா எழுதாமல் பென்சிலில் எழுதியிருந்தாள். பயிற்சிக்குக் கேட்டபோதெல்லாம் பணம் வந்தது. ஒரு டியூப்லைட்டுக்கு வரவில்லை. கேட்கவேண்டியவள் நான், நோட்டைத் திறந்தே பார்க்கவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

குறை சொல்ல வழி இருக்கிறதா என்று அந்த ஆய்வு கேட்டதே, அந்தக் கேள்விதான் சார் இது. சனிக்கிழமை நான் கேட்க வந்ததும் அதையேதான். எங்கள் நோட்டில் "எடுத்த நடவடிக்கை" என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் எழுதிய மூன்று வரிக்கும் நேராக அது வெறுமையாகவே கிடந்தது.