குனிந்து பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் விற்பனைக்கு நின்ற அந்தப் பழைய ஹெரால்டு காரைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பீர்கள் என்பதால், நடந்ததை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக வேப்பமரத்தடியில் சக்கரம் புதைந்து நின்ற வண்டிக்கு, ஒருமுறைகூடக் குனிந்து அடியில் பார்க்காமல், "இப்போது இரண்டு லட்சம், சரிசெய்தால் பத்து லட்சம்" என்று அதை வாங்க வந்த தம்பியிடம் ஒருவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? அதற்குக் கைதட்டல் வேறு. டார்ச்சோடு மண்ணில் படுத்த எனக்குக் கிடைத்த பட்டம், "பிரேதப் பரிசோதனை டாக்டர்".

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அந்த வண்டியின் விலை அடியில்தான் இருக்கிறது. வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு நிறுவனம் செய்த ஹெரால்டில் அடிச்சட்டமான சேஸிஸ் தனி, பாடி தனி. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம் அழகுதான், மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கமாக எழும்பும்போது இன்றும் எனக்கு வாய் பிளக்கிறது. ஆனால் மேல்தகடு கெட்டால் கழற்றிச் சரிசெய்யலாம். சேஸிஸ் உளுத்துப்போனால் அத்தனை அழகையும் எதன்மேல் உட்கார வைப்பது? ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நான் தட்டியபோது "டங்" என்று ஒலிக்க வேண்டிய இரும்பு "பொத்" என்றது. துரு அப்பளம்போல உதிர்ந்து என் சட்டையில் விழுந்தது. விலை சொன்னவரின் சட்டையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. இங்கிலாந்தில் இரண்டு கதவு ஹெரால்டு ட்ரையம்ப் என்ற பெயரில் ஓடியதால் இன்ஜின் சாமான்களை அங்கிருந்து வரவழைக்கலாம். பின்கதவுக்கு இன்னொரு ஹெரால்டைத்தான் உடைக்க வேண்டும். "மாருதி இன்ஜினைப் பொருத்திவிடலாம்" என்று அதே வாய் சொன்னதையும் கேட்டீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டி வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் கைவைத்து மாற்றியிருக்கக் கூடாது. பத்து லட்சம் என்ற கனவையும் மாருதி இன்ஜினையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு தனித்திறமை வேண்டும்.

"உனக்கு என்ன தெரியும்" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்குத் தெரிந்ததெல்லாம் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2009-இல், அப்பா ஓட்டிய அதே நிறம் என்ற ஒரே காரணத்துக்காக, 45,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஃபியட் வாங்கினேன். பெயின்ட் பளபளத்தது. வீட்டுக்கு வந்தபின் என் மகள் விளையாட்டுக்குக் கதவடியில் ஒட்டிய காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்தது. அவள் மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தது. உள்ளே இரும்பே இல்லை, முழுக்க ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி. டிங்கரிங், இன்ஜின் ரீபோர், ரெக்சின் என்று மூன்று லட்சத்து எண்பதாயிரம் கரைந்தது. விற்க நினைத்தபோது ஒன்றரை லட்சத்துக்குமேல் ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் என் கணக்கு எளிமையானது: அதே மாடல் நல்ல ஓட்டத்தில் உண்மையாகக் கைமாறிய விலையை எடுத்துக்கொள்ளுங்கள், விற்பவர் கேட்கும் விலையை அல்ல. அதிலிருந்து வேலைச் செலவைக் கழியுங்கள். பெயின்டைச் சுரண்டியபின் தெரியப்போகும் துருவுக்காக இன்னும் கொஞ்சம் கழியுங்கள். மிஞ்சுவதுதான் இன்றைய விலை. ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம்.

"விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. "தாத்தா காலத்து வண்டிக்கு விலை பேசுகிறாயே, உணர்வுக்கு விலை உண்டா?" என்று கேட்டது மட்டும் வலித்தது. உணர்வுக்கு விலை இல்லை என்று சொல்லித்தான் அந்தத் தம்பியிடம் விலை வாங்குகிறார்கள். நான் என் ஃபியட்டை விற்றேனா? இல்லை. நஷ்டம் என்று தெரிந்தே வைத்திருக்கிறேன். தெரிந்து செய்வது வேறு, குனிந்து பாராமல் ஏமாறுவது வேறு. என்னைப் பொறாமைக்காரன் என்றுகூட ஒருவர் சொன்னார். பதினெட்டு வருடத் துருவின்மேல் எனக்கென்ன பொறாமை?

தம்பி முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் புதன்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துப்போகப் போவதாகவும் கேள்விப்பட்டேன். அதற்குள் சேஸிஸ் எண்ணையாவது ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி யாராவது அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் இனி நன்றாக இருக்காது.