நான் சொன்ன ‘பாஸ்’

பண்ருட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பெரிய மெஷின், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். எல்லார் கையிலும் போன் வந்த பிறகும் ரிசல்ட்டை மட்டும் கடைக்கு வந்து பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாளில் அச்சடித்துக் கையில் வாங்கினால்தான் அவர்களுக்கு அது ரிசல்ட். அப்படி வந்த ஓர் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஏப்ரல் மாதம் நான் செய்த தப்பைத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அம்மா முந்திரி உடைக்கிறவர். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கருத்து, தோல் உரிந்து, புதுத் தோல் வருவதற்குள் மறுபடி கருத்திருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், இருந்தாலும் அந்த எண்ணெய் விடாது. (ஆதார் கைரேகை மெஷினில் இவர்கள் விரல் வைத்தால் பாதி நேரம் எடுக்காது. அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.)

பெண் எட்டாம் வகுப்பு. என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு எழுதியிருந்தாள். "மாமா, மார்க் வந்துடுச்சாம், பாத்துச் சொல்லுங்க" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினாள். பதிவெண்ணைப் போட்டேன். மேட் தாளில் 48, சாட் தாளில் 43. மொத்தம் 91.

எனக்கு உடனே கணக்கு ஓடியது. மொத்தம் 180 மதிப்பெண். குறைந்தபட்சத் தகுதி 40 சதவீதம், அதாவது 72. இவள் 91. "பாஸும்மா" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார், பெண்ணை ஒரு முறை பார்த்தார், அப்புறம் எதிர்க்கடைக்குப் போய்க் கால் கிலோ பூந்தி வாங்கி வந்து, பாழாய்ப் போன ஜெராக்ஸ் தாள் ஒன்றில் எனக்கும் ஒரு கை வைத்துவிட்டுப் போனார்.

தேர்வானவர் பட்டியல் தனி பிடிஎஃப். அன்றைக்கு சைட் சுற்றிக்கொண்டே இருந்ததால் அதை நான் திறக்கவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் எடுத்து, அந்தப் பதிவெண்ணைத் தேடினேன். இல்லை. எண்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்குமோ என்று கடைசி நான்கு இலக்கம் மட்டும் போட்டுத் தேடினேன். வேறு யாரோ வந்தார்கள், இவள் இல்லை. மாவட்டத்தைப் பார்த்துப் பார்த்து வரி வரியாக இறங்கினேன். இல்லவே இல்லை.

மதியம் அந்தப் பெண் தானாகவே வந்தாள். பள்ளியில் சொல்லிவிட்டார்கள் போல. "பாஸ்னு சொன்னீங்களே மாமா" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

இந்தத் தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை என்பது முழுப் பெயர். மத்திய அரசு 2008-இல் தொடங்கியது. எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது என்பதுதான் திட்டத்தில் எழுதியிருக்கும் நோக்கம். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கிற, பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டாத பிள்ளைகளுக்கு. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் இருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50. மேட் என்பது மனத்திறன், சாட் என்பது பாடம். ஒவ்வொன்றும் 90 கேள்வி, 90 நிமிடம். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். முதலில் மாதம் 500 ஆக இருந்ததை 2017-இல் ஆயிரமாக்கினார்கள். அதற்குப் பிறகு அரிசி, எண்ணெய், நோட்டு, பேனா எல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆயிரம் ஆயிரமாகவே நிற்கிறது.

நாடு முழுக்க வருடத்துக்கு ஒரு லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடம்.

இப்போது நான் எங்கே சறுக்கினேன் என்று பாருங்கள். விதியில் இருக்கிற 40 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32 சதவீதம், இதற்குப் பெயர் தகுதி மதிப்பெண். அதைத் தாண்டியவர்களை வரிசைப்படுத்தி, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குப் பிரித்து, மேலிருந்து எண்ணிக்கொண்டே வருவார்கள். இடம் தீர்கிற இடத்தில் விழுவது இன்னொரு கோடு. அதற்கு விதியில் எண் கிடையாது. வருடா வருடம் மாறும், பிரிவுக்குப் பிரிவு மாறும். முதல் கோட்டைத் தாண்டி இரண்டாவதைத் தொடாத பிள்ளைக்கு என்ன பெயர்? பாஸா, ஃபெயிலா? அரசாங்கம் அதற்கு ஒரு சொல் வைக்கவில்லை. அந்தச் சொல் இல்லாத இடத்தில் நான் ‘பாஸ்’ என்று போட்டேன், பூந்தி தின்றேன்.

வருமான வரம்பு முன்பு ஒன்றரை லட்சமாக இருந்தது. அதை மூன்றரை லட்சமாக உயர்த்தியது நல்ல காரியம், நூறு முறை சொல்வேன். ஆனால் நாற்காலி அதே ஒரு லட்சம். வரிசையில் நிற்கலாம் என்று கூடுதல் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு நாற்காலி போடாமல் விட்டால், இரண்டாவது கோடு மேலே ஏறத்தானே செய்யும்? முந்திரி உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு இதெல்லாம் யார் சொல்வது?

இந்தப் பெண் சுமாராகப் படிக்கிறவளும் இல்லை. தேர்வுக்கு முன்னால் மாதிரி வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க வருவாள். ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லை. தாளில் ஒரு கேள்வி: கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் 3.20 தெரிகிறது, உண்மையான நேரம் என்ன? நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு கடிகாரம் வரைந்தாள், தாளைத் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கம் வழியாகப் பார்த்தாள். "எட்டு நாப்பது மாமா." அவ்வளவுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "நானாத்தான், டீச்சர் பன்னெண்டுல கழிக்கச் சொன்னாங்க, அது எனக்கு மறந்து மறந்து போவுது" என்றாள்.

அந்த டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளை உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறவர். முப்பது செட் ஜெராக்ஸ், செட்டுக்கு எட்டுப் பக்கம், வாரம் தவறாமல். காசு அவர் பையிலிருந்துதான். நான் பேப்பர் விலை மட்டும் போட்டுக்கொள்வேன், அதையும் மாதக் கடைசியில் பாதி பாதியாகத் தருவார். இப்படி ஒருவர் இருக்கிற பள்ளிப் பிள்ளைகள் ஓ.எம்.ஆர். தாளை முன்கூட்டியே பார்த்திருப்பார்கள், வட்டத்தை எப்படி நிரப்புவது என்று பழகியிருப்பார்கள். இப்படி ஒருவர் இல்லாத பள்ளியின் பிள்ளைக்குத் தேர்வு அறையில்தான் முதல் தரிசனம். தகுதி மதிப்பெண் என்று எதை அளக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான்.

இன்னொரு வேடிக்கை. இடங்களை மாநிலவாரியாகப் பிரிப்பதால், கடலூரைத் தாண்டி, எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை புதுச்சேரிப் பங்கில் போட்டி போடும், இந்தப் பக்கம் படிக்கிற பிள்ளை தமிழ்நாட்டுப் பங்கில். அங்கே இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டம் வேறு வந்துவிட்டது. ஒரே பஸ்ஸில் போகிற அக்கா மகனுக்கும் தங்கை மகனுக்கும் கோடு வேறு வேறு இடத்தில் விழும். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையின் திறமையை அளக்கிற கோடாக இருந்தால் எல்லை தாண்டியதும் மாறுமா என்றுதான் கேட்கிறேன்.

தேர்வாகிவிட்டால் மட்டும் கதை முடிந்ததா? இல்லை. ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றாம் வகுப்பில் பணம் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55. எனக்குத் தெரிந்த ஒரு பையன் பத்தாவதில் 291 வாங்கினான். வேண்டியது 300. ஒன்பது மதிப்பெண்ணில் 24,000 ரூபாய் போனது. அந்த வருடம் அவன் அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். பலா சீசன் முழுக்கப் பையன்தான் மண்டியில் மூட்டை இறக்கினான். உதவி மிகவும் தேவைப்பட்ட வருடத்தில்தான் அவன் மார்க் குறைந்தது. குறைந்ததால் உதவியும் நின்றது. எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். "போட்டித் தேர்வுன்னா அப்படித்தான், எல்லாருக்கும் கொடுக்க முடியுமா?" என்றார். இன்ஜினீயரிங் சீட் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். கல்லூரியில் இத்தனை பெஞ்சுதான் இருக்கும். இது அப்படியா? எட்டாவதோடு நிற்காதே, பள்ளிக்கு வா என்று கூப்பிடுகிற பணம் இது. நின்றுவிடக்கூடிய பிள்ளை பெரும்பாலும் பட்டியலின் உச்சியில் இருக்காது. நடுவில்தான் இருக்கும், 91 மாதிரி ஓரிடத்தில். உச்சியில் இருக்கிற பிள்ளையை டீச்சர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். 91-க்கு அப்படி யாரும் வருவதில்லை.

அதனால் என் கருத்து இதுதான். 40 சதவீதம் தகுதி என்று அரசாங்கமே ஒரு கோடு போட்டால், அதைத் தாண்டின பிள்ளைக்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால் அதைத் தகுதி என்று சொல்வதை நிறுத்த வேண்டும். தகுதி உண்டு, காசு கிடையாது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

செலவைக் கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இன்னொரு 6,695 பேருக்குக் கொடுத்தால் வருடத்துக்கு எட்டுக் கோடி ரூபாய்ச் சொச்சம். நான்கு வகுப்புக்கும் சேர்த்தால் 32 கோடி. எனக்கு அது பெரிய தொகை, மாநிலத்துக்கு அப்படியா? புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, எந்தத் தேர்வும் இல்லாமல் மாதம் ஆயிரம் கொடுக்கிறோம். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைக்குத் தேர்வு வேண்டாம், ஒன்பதாவதைத் தாண்டுவாளா என்று தெரியாத பிள்ளைக்குத் தேர்வு. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. கல்லூரியில் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் அப்படித் திரித்துவிட வேண்டாம்.

பணம் இல்லை என்றால் போகட்டும், ஒரு வரியாவது எழுதலாம். பட்டியலின் மேலேயே, ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக உள்ளே வந்த பிள்ளையின் மதிப்பெண் இத்தனை என்று பெரிய எழுத்தில். இன்ஜினீயரிங் கட் ஆஃப் டீக்கடை வரைக்கும் வந்து சேர்கிறது. எட்டாவது பிள்ளையின் கட் ஆஃப் மட்டும் எந்த வீட்டுக்கும் போய்ச் சேருவதில்லை. "எத்தனை மார்க்குல தம்பி போச்சு?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டா, இருபதா? இரண்டு என்றால் கை நழுவிய வருத்தம் போதும். இருபது என்றால் அடுத்த பிள்ளையை எப்படித் தயார் செய்வது என்று யோசிக்கலாம். அந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா?

என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. பட்டியலைப் பார்க்காமல் வாயைத் திறந்தேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் மார்க்கை மட்டும் வாசித்துவிட்டு, "லிஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் இனிப்பு வாங்காதீங்க" என்கிறேன். சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

போன வாரம் அந்தப் பெண் வந்தாள். இப்போது ஒன்பதாவது. ஊரகத் திறனாய்வுத் தேர்வு விண்ணப்பம் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். டிரஸ்ட் தேர்வு என்பார்களே, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, அது. வருமான வரம்பு ஒரு லட்சம், தேர்வானால் பன்னிரண்டாவது வரைக்கும் வருடத்துக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. அதையும் எழுதுகிறேன் என்கிறாள்.

பிரிண்டரில் தாள் வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு எடுத்தால் பாஸ் என்று கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

"இதுல எத்தனை பேரு மாமா எடுப்பாங்க?"

"மாவட்டத்துக்கு நூறு. பொண்ணுங்க அம்பது, பசங்க அம்பது."

விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். அவள் பள்ளியில் யார் யார் எழுதுகிறார்கள் என்று எண்ணியிருப்பாள் போல.

"சரி, ரெண்டு காப்பி போடுங்க. ஒண்ணு தப்பாப் போச்சுன்னா வேணும்."