செல்ஃப் எடுக்காத காலை

(விடியற்காலை ஐந்தரை. கல்யாணத்துக்குப் பட்டுவேட்டியோடு கிளம்பிய ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார், எதிர்வீட்டுக் கால் டாக்ஸி முருகேசனை எழுப்புகிறார்.)

வாத்தியார்: முருகேசா, சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்கிறது. தள்ளிப் பார்ப்போமா?

முருகேசன்: ஆட்டோமேட்டிக் வண்டி சார். திருச்சி வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி டவுன். என் வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கலாம், கேபிள் இருக்கிறது.

வாத்தியார்: தெருமுனையில் மணல் லாரி நிற்கிறதே, அதில் எடுத்தால் சீக்கிரம் ஏறுமே!

முருகேசன்: லாரி 24 வோல்ட், உங்கள் கார் 12. அப்புறம் காருக்குக் கருமாதிதான்.

வாத்தியார்: நல்ல நாளும் அதுவுமாக... வாயைக் கழுவு!

முருகேசன்: சரி, ரெண்டு வண்டியும் ஆஃப். சிவப்புக் கிளிப் முதலில் உங்கள் பிளஸ்ஸில், மறுமுனை என் பிளஸ்ஸில். கறுப்பு என் மைனஸில்...

வாத்தியார்: மிச்சக் கறுப்பு என் மைனஸில். இதுகூடவா தெரியாது!

முருகேசன்: அங்கேதான் மாட்டக் கூடாது! கடைசிக் கிளிப் மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரிப் பக்கம் ஹைட்ரஜன் இருந்தால்...

வாத்தியார்: (இரண்டடி பின்வாங்கி) 'பாப்' ஒலியுடன் எரியும்!

முருகேசன்: நீங்கள் நடத்தியதுதான் சார். அன்றைக்கு என்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருந்தீர்கள், நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் பேட்டரியை விட்டுத் தள்ளி, உங்கள் இன்ஜினில் பெயின்ட் அடிக்காத போல்ட்டில் மாட்டுகிறேன். என் வண்டி ஐந்து நிமிடம் ஓடட்டும்... இப்போது அடியுங்கள்.

(கார் உறுமுகிறது. வாத்தியார் சந்தோஷத்தில் சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கப் போகிறார்.)

முருகேசன்: கையை எடுங்கள்! மினிபஸ் மாதிரி, கடைசியில் ஏறியவர்தான் முதலில் இறங்க வேண்டும். கிளிப் ஒன்றோடொன்று இடிக்கவும் கூடாது.

வாத்தியார்: சரி, இனி அணைத்துவிட்டு ஒரு காபி...

முருகேசன்: அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், பிறகு அணையுங்கள். ஆமாம், உள்ளே லைட் இப்போதும் எரிகிறதே? சீட்டில் என்ன பெட்டி?

வாத்தியார்: (குரலைத் தாழ்த்தி) மைசூர்பாகு. சுகர் என்று வீட்டில் கண்ணிலேயே காட்டுவதில்லை. ராத்திரி இங்கே வந்து சாப்பிட்டேன். இருட்டில் எறும்பும் சேர்ந்து போய்விடக் கூடாதே என்று லைட் போட்டேன்.

முருகேசன்: போட்டதை அணைக்கவில்லை.

வாத்தியார்: அவள் கேட்டால் பேட்டரி பழசு என்று சொல்லிவிடப்பா.

முருகேசன்: வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. பணம் கொடுத்ததே அம்மாதான்.

வாத்தியார்: நீ என் நல்ல மாணவன் ஆயிற்றே!

முருகேசன்: பெஞ்சு மேல் நின்றவன் சார். பெட்டியில் எத்தனை மிச்சம் இருக்கிறது?