கியர்பாக்ஸ் மூன்றாவது முறை இறங்குகிறது

பதினான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக என் பிக்கப்பின் கியர்பாக்ஸைக் கீழே இறக்கப் போகிறார்கள். மூன்றாவது முறை! கிணற்று வாளிகூட இவ்வளவு அலுத்துப்போயிருக்காது. பதினைந்து வயது வண்டி, இரண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஏதாவது போகத்தான் செய்யும். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சாமான் கெட்டுப்போனதற்காக எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஒரே வேலைக்கு மூன்று தடவை கூலி அழுவதற்குத்தான் வயிறு எரிகிறது.

முதல் தடவை கிளட்ச். லோடோடு மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது, கூடவே கருகிய நாற்றம். பிளேட் தேய்ந்துவிட்டது, சந்தேகமே இல்லை. சரி, மாற்றிவிடுங்கள் என்றேன்.

பிக்கப்பில் கிளட்ச் பிளேட் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பிளேட்டை எடுத்துவிட்டு வேறு பிளேட்டை வைப்பது கால் மணி நேர வேலை. அது வரைக்கும் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். குறுக்குச் சட்டத்தை அவிழ்க்க வேண்டும். செல்ஃப் மோட்டார், ரிவர்ஸ் ஸ்விட்ச் வயர், கிளட்ச் சிலிண்டர், கியர் லீவர் எல்லாம் வெளியே வரவேண்டும். அப்புறம் கியர்பாக்ஸை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். அதில் உச்சியில் ஒன்று இருக்கும். வண்டியை வடிவமைத்தவர் அதை வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அன்று வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது, ஒரு முழத்துக்கு எக்ஸ்டென்ஷன் போட்டுத் தடவித் தடவித்தான் பிடிக்க வேண்டும். இத்தனையும் முடிந்து, ஜாக்கி வைத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, அந்த இரும்புப் பிணத்தைக் கீழே இறக்கினால் அரை நாள் போய்விடும்.

அப்படி இறக்கி வைத்த அந்த மதியம் மெக்கானிக் தம்பி பழைய ரிலீஸ் பேரிங்கை, அதாவது பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் வளையத்தை, விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தாண்ணே இருக்கு. எதுக்கு வீண் செலவு?" என்றார். எனக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாராம். நானும் பல்லிளித்துக்கொண்டு தலையாட்டினேன். விரலில் சுற்றினால் எந்த பேரிங்தான் நன்றாக இல்லை? கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் அதை அமுக்கும்போதுதானே அதன் லட்சணம் தெரியும்!

ஏழு மாதம். அவ்வளவுதான் தாங்கியது. கிளட்ச் பெடலில் கால் வைத்தால் கீச்சென்று ஒரு அலறல், காலை எடுத்தால் அமைதி. அதுவே அடையாளம். காலை எடுத்து நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் அடங்கினால் அது கியர்பாக்ஸ் உள்ளே இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் வந்து, விட்டால் போனால் ரிலீஸ் பேரிங். மறுபடியும் ஷாஃப்ட், சட்டம், மோட்டார், அந்த உச்சி போல்ட். பில்லை வாங்கிப் பார்த்தேன். பேரிங் விலையைப்போல ஒன்பது மடங்கு கூலி.

அந்த இரண்டாவது தடவை நான் உஷாராகத்தான் இருந்தேன். இன்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கிராங்க் பின்பக்கத்து ஆயில் சீலையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். "அது கசியவே இல்லையேண்ணே. கசியாததைப் போய் நோண்டுவானேன்?" என்று பதில் வந்தது. பதினைந்து வருடம் சூட்டில் வெந்த ரப்பர் அது. நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். இன்றைக்குக் கசியவில்லை என்பதற்கு நாளைக்கும் கசியாது என்றா அர்த்தம்? கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எதிரே நிற்பவர் ஸ்பானரோடு நிற்கும்போது நமக்கு வாய் வருவதில்லை.

இப்போது கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாகச் சொட்டுகிறது. நேற்று அட்டை விரித்து வைத்தேன், காலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயில் என்றால் அழுகிய முட்டை மாதிரி கந்தக வாடை குப்பென்று அடிக்கும். இதில் அந்த வாடை இல்லை, நிறமும் கருப்பு. இன்ஜின் ஆயில்தான். சீல் போய்விட்டது. சீலோடு போனால் பரவாயில்லை, ஆயில் நேராகக் கிளட்ச் பிளேட்டின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் குடித்த பிளேட்டை பெட்ரோலில் கழுவினாலும் தேறாது. ஆக, பதினான்கு மாதம்கூட ஓடாத பிளேட்டும் குப்பைக்கு.

சொல்லுங்கள், இதை எந்தக் கணக்கில் எழுதுவது? பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அது என்ன அழகுக்கா? கூட ஒரு சீலையும் வாங்கி வைத்துக்கொண்டு முதல் நாளே முடித்திருந்தால் ஒரே கூலி. மிச்சம் பிடித்த இரண்டு சாமானுக்காக இரண்டு முழுக் கூலி. இப்படி மிச்சம் பிடித்தே ஆண்டியானவன் நான்.

பழைய வண்டியில் காசு போவதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். டைமிங் பெல்ட் மாற்றக் கழற்றும்போது, அதே இடத்தில் அதே பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப்பை விட்டுவிடுவார்கள். அது அடுத்த வருடம் ஒழுகும். அவ்வளவையும் மறுபடி கழற்று. யார் வீட்டுப் பணம்?

அடுத்த எரிச்சல், ஊகம். எதையும் அளந்து பார்க்காமல் 'அதுவாத்தான் இருக்கும்' என்று சொல்லி நம் பணத்தில் சோதனை செய்வது. காலையில் செல்ஃப் அடித்தால் என் வண்டி முனகும், சுற்றாது. பேட்டரி என்றார்கள். புதுப் பேட்டரி போட்டேன், இரண்டு நாள் சமாளித்தது, மறுபடி முனகல். செல்ஃப் மோட்டார் என்றார்கள். கழற்றி, கார்பன் மாற்றி, புஷ் மாற்றி மாட்டினார்கள். மறுபடி முனகல். கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் இருக்கும் எர்த் பட்டை. போல்ட் அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் வண்டி சிங்கம் மாதிரி எழுந்தது.

இதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் வரை சாதாரணமாக இழுக்கும். வழியில் துருவால் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அப்புறம் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முளையிலும் இன்னொன்றை இன்ஜின் மேலும் வைத்துவிட்டு செல்ஃப் அடித்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். என் வண்டியில் இரண்டரை காட்டியது. ஐந்து நிமிட வேலை. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பில் எழுதிய கைக்கு அந்த ஐந்து நிமிடம் இல்லை.

வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து பழுது எண்ணைப் படிக்கும் ஸ்கேனர் வந்தபிறகு இந்த ஊகத்துக்கு ஒரு கௌரவம் வேறு வந்துவிட்டது. பி0087 என்று எண் காட்டினால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். அழுத்தம் ஏன் குறைந்தது என்று அந்தப் பெட்டி சொல்லாது. அடைத்துப்போன டீசல் ஃபில்டராகவும் இருக்கலாம், ஹை பிரஷர் பம்ப்பாகவும் இருக்கலாம். இவர்கள் வாயில் முதலில் வருவது எப்போதும் பம்ப்.

இந்த வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்த மகானுபாவரையும் நான் சும்மா விடப்போவதில்லை. லோடு தாங்கட்டும் என்று பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சொருகியிருக்கிறார். பட்டை போட்டால் வண்டி லோடு தாங்கும் என்பது அவர் நினைப்பு. பட்டை தாங்கும், மற்றதெல்லாம்? பின்பக்கம் தூக்கிக்கொண்டதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் முன்பைவிட அதிகச் சரிவில் சுற்றுகிறது. அதனால் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேய்ந்து, ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு மாற்றும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று ஒரு அடி.

அதைவிடப் பெரிய கூத்து பிரேக்கில். பின் ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி ஒரு வால்வைப் பிடித்திருக்கும், அநேகம் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தால், அந்தக் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டி என்றால் குறைக்கும், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க. கூடுதல் பட்டையால் என் வண்டியின் பின்பக்கம் தாழ்வதே இல்லை. ஒரு டன் ஏற்றினாலும் வால்வு பாவம், வண்டி காலி என்றே நம்பிக்கொண்டிருக்கிறது! பின் பிரேக் பேருக்குத்தான் பிடிக்கிறது, பாரம் முழுக்க முன் பிரேக்கின் தலையில். ஒரே வருடத்தில் முன் பேட் இரண்டு செட் போனது. 'பேட் மட்டம், வேற கம்பெனி போடுங்க' என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். குனிந்து அடியில் பார்த்தவர் மூன்றாவது ஆள்தான். அவருக்கு மட்டும் மனதாரக் கும்பிடு போட்டேன்.

என்னைவிட மோசமாக அடிபட்டவர் என் நண்பர். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரை, ஒரு பார் அழுத்தத்தில் அடைத்துவைத்து 120 வரைக்கும் கொதிக்காமல் காப்பது அந்த மூடிதான். வண்டியிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. அது தளர்ந்ததும் கூலன்ட் வெளியே தள்ளியது. மனிதர் பச்சைத்தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டினார். ஒருநாள் முள் சிவப்பைத் தொட்டது, 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினார். அலுமினிய ஹெட், அடியில் இரும்பு பிளாக். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஹெட் வளைந்தது, கேஸ்கட் போனது, தண்ணீரும் ஆயிலும் கலந்து ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வழவழப்பு. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து, வால்வு தேய்த்து, கேஸ்கட் மாற்றி முடித்தபோது வண்டி விலையில் பாதியைத் தாண்டியிருந்தது. எல்லாம் ஒரு மூடி.

"வித்துத் தள்ளுப்பா" என்று சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். அதே ஆட்கள்தான் வீடு மாற்றும்போது சாவி கேட்டு முதலில் வருகிறவர்கள். பீரோவையும் ஃபிரிட்ஜையும் ஏற்றி, கிளட்சில் பாதி மிதித்தபடியே மேட்டில் நிறுத்தி வைத்து, டீசல் முள்ளைத் தரையில் படுக்க வைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். "என்னப்பா, ஏதோ சத்தம் வருதே" என்று ஒரு விசாரிப்பு வேறு.

விற்கலாம். பட்டை போட்ட மகானுபாவர் எனக்கு விற்ற மாதிரி நானும் இன்னொருவன் தலையில் கட்டலாம். புது வண்டியின் மாதத் தவணையைப் பார்த்தால் இந்தக் கூலி எல்லாம் சில்லறை. அதனால்தான் கத்திக்கொண்டே செலவு செய்துகொண்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. பெட்டியை இறக்கிவிட்டார்களாம். சீல் வாங்கியாச்சு, பிளேட் வாங்கியாச்சு, பேரிங்கையும் மாற்றிவிடுகிறோம் என்றார். பரவாயில்லையே, புத்தி வந்துவிட்டதே என்று நினைத்தேன். அப்புறம் கொஞ்சம் இழுத்தார்.

"அண்ணே, கிளட்ச் பிளேட் உரசுற ஃபிளைவீல்ல ஆழமா கோடு விழுந்திருக்கு. லேத்துல கொடுத்து முகம் எடுக்கணும்."

"எப்போ விழுந்தது தம்பி?"

"அது முதல் தடவை கழட்டும்போதே இருந்துச்சுண்ணே."