கிளாஸ் வேலை செய்வது மூக்குக்கு

“கிளாஸின் விளிம்பு வைனை நாக்கின் நுனியில் விழவைத்தால் இனிப்பு தூக்கலாகத் தெரியும், ஓரத்தில் விழுந்தால் புளிப்பு” என்று வைன் கிளாஸ் பற்றிச் சிலர் சொல்வதுண்டு. நாக்கின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுவை என்று பிரித்துக் காட்டும் அந்த நாக்கு வரைபடமே தப்பு. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது சுவையை உணர்வதில் நாக்கின் பகுதிகளுக்கிடையே இருந்த மிகச் சிறிய வேறுபாடுதான். 1942இல் எட்வின் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் புத்தகத்தில் அதை வரைந்து காட்டிய விதத்தில் அது ஊதிப் பெரிதாகிவிட்டது. அடிப்படைச் சுவைகள் எல்லாமே நாக்கில் சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் தெரியும். போதாததற்கு, ஒரு வாய் குடித்ததுமே வைன் வாய் முழுக்கப் பரவிவிடுகிறது.

அதற்காக எந்த கிளாஸில் குடித்தாலும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றினால், மணம் மேலே கூடி நிற்கும். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைன் கிளாஸின் வாயிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படமெடுத்தார்கள். வைன் 13 டிகிரி செல்சியஸில் இருந்தபோது அது விளிம்பையொட்டி வளையமாக நின்றது, நடுவில் குறைவு. அங்கே மூக்கை வைத்தால் காரநெடி அவ்வளவாக ஏறாது. நேரான டம்ளரில் அந்த வளையம் வரவில்லை.

சந்தேகமிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வைன் கிளாஸ், டம்ளர் இரண்டிலும் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் மூக்கில்தான் என்று புரியும்.